சதுரங்க விழாவும் ஒரு தூக்குச் சோறும்

“பள்ளியை விட்டுப் போகப் போகிறாய். இந்த ஆண்டு மலருக்காவது ஏதேனும் எழுதித் தா” என்று எங்கள் தமிழம்மா கேட்டார்கள். என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுற்றுலாக் கட்டுரை என்றால் எளிது. புறப்பட்டோம், கண்டோம், களித்தோம், திரும்பினோம் என்று முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் எழுத எழுத, கண்டதையெல்லாம் தள்ளிவிட்டு ஒரு தூக்குச் சோறு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதை நகர்த்த என்னால் முடியவில்லை. ஆகவே தோழியரே, இது சுற்றுலாக் கட்டுரைதான் என்றாலும், பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியது.

2022ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அந்த ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44வது சதுரங்க ஒலிம்பியாடு நம் மாமல்லபுரத்தில் நடந்தது. முதலில் அது ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் மூண்டதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சு மாதத்தில் சென்னைக்கென்று முடிவாயிற்று. நான்கே மாதத்தில் 180க்கும் மேற்பட்ட நாட்டார் நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து இறங்கினார்கள். சென்னையில் நேப்பியர் பாலத்தையே கறுப்பு வெள்ளைக் கட்டமாக வர்ணம் அடித்துவிட்டார்கள் என்று செய்தித்தாளில் படம் வந்தது. வேட்டி சட்டை கட்டிக் கைகூப்பி நிற்கும் குதிரைமுகத் ‘தம்பி’யை அறியாத பிள்ளையே அப்போது இல்லை. எங்கள் பள்ளியிலும் சதுரங்கக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. இடைவேளையில் கபடி ஆடிய கூட்டம் பலகையைச் சுற்றிக் குனிந்து நின்றது. நான் சுமாராக ஆடுவேன். குதிரையை நகர்த்துவதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் உண்டு.

ஒலிம்பியாடின் கடைசிச் சுற்று ஆகஸ்டு 9, செவ்வாய்க்கிழமை. அன்று மொகரம் விடுமுறை. சதுரங்கக் குழுப் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போவதாக சிஸ்டர் அறிவித்தபோது வகுப்பே ஆரவாரம் செய்தது. வேனுக்கும் நுழைவுச்சீட்டுக்குமாக ஆளுக்கு 500 ரூபாய். துணைக்கு இரண்டு தாய்மார் வரலாம், அவர்களுக்கு வண்டிச் செலவு இல்லை.

என் அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். மரக்கானத்துப் பிள்ளைகளுக்கு உப்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்காகச் சொல்கிறேன். பொங்கல் கழிந்ததும் மழையில் கரைந்துபோன பாத்திகளைச் சேறாக்கி, காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். பிறகு உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு விட்டு வெயிலில் சுண்டவைப்பார்கள். நீர் தடித்து, கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கும். அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பது, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது, இவைதாம் வேலை. வெயில் ஏறினால் வெண்மை கண்ணைக் குத்தும். அதனால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே டார்ச் விளக்கோடு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா எழுந்து போவதை நான் பார்த்ததே குறைவு. அடுப்பின்மேல் மூடிவைத்த சோறுதான் அவர் போய்விட்டதைச் சொல்லும்.

500 ரூபாய் என்பது அப்போது அம்மாவின் ஒன்றரை நாள் கூலி. கேட்கவே தயங்கினேன். அம்மா கேட்டதும் “போயிட்டு வா பாப்பா” என்றார். அடுத்த நாள் சிஸ்டர் வழியில் பார்த்துப் பேசி, “நீங்களும் துணைக்கு வாருங்களேன்” என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது மகிழ்ச்சியாக இல்லை. மற்றொரு துணைத்தாய் பேருந்து நிலையத்தருகே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். என் அம்மாவுக்கு உள்ளங்கால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பேச்சும் சத்தமாக இருக்கும். திறந்த வெளியில் வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் அது.

ஒன்பதாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு வேன் கிளம்பியது. ஆடி மாதம் என்றாலும் காற்று எழவில்லை, அப்போதே புழுக்கம். சிறிது ஜெபம், பிறகு ஒரே பாட்டும் கைதட்டலும். கடப்பாக்கம் தாண்டி முதலியார்குப்பத்துக் கழிமுகத்தருகே வண்டியை நிறுத்தினார்கள். சூரியன் அப்போதுதான் தண்ணீருக்குமேல் ஏறியிருந்தது. “காலைப் பலகாரத்தை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்” என்று சிஸ்டர் சொன்னார்கள். இட்லி, மிளகாய்ப்பொடி தடவிய தோசை, ஒருத்தி வீட்டில் பூரிகூட. ஒவ்வொரு டப்பாவும் திறக்கத் திறக்க ஒவ்வொரு வாசனை.

அம்மா தம் ஒயர் கூடையிலிருந்து பெரிய எவர்சில்வர் தூக்கை எடுத்தார். அதில் மதியத்துக்கான புளிச்சோறு இருந்தது. அதன் மேல் ஒரு கிண்ணத்தில் வறுத்த வாளைக் கருவாடு. காலைக்கென்று கட்டியிருந்த இட்லி அடியில் இருந்ததால், இதை எடுத்து வெளியே வைத்து மூடி சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். அவ்வளவுதான். வேனுக்குள் கருவாட்டு வாசனை பரவிவிட்டது.

கருவாடு வறுக்கும் வாசனை எங்கள் தெருவில் வந்தால் பசிக்கும். அதே வாசனை வேனுக்குள் வந்தபோது எனக்கு வேர்த்தது. முன் இருக்கையில் இருந்த என் வகுப்புத் தோழி ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யாருடீ இது, கருவாட்டுக் கடையையே கொண்டு வந்தது?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் எதற்கும் அப்படித்தான் பேசுவாள். இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு தலைகள் திரும்பின.

நான், “எங்களுடையது இல்லை. டிரைவர் அண்ணனுடையதாக இருக்கும்” என்றேன்.

அம்மா எனக்குப் பின் இருக்கையில்தான் இருந்தார். மூடியின் மேல் கை வைத்தபடி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமா, யாரோ இங்க வெச்சிட்டாங்க போல” என்று மூடியை அழுத்தி மூடி, தூக்கை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவரோ என் பொய்க்குத் துணை வந்துவிட்டார். இட்லியை இறங்கிப் போய்த் தண்ணீர் ஓரமாக நின்று சாப்பிட்டேன். கொக்குகள் நிறைய இருந்தன.

வண்டி மறுபடி கிளம்பியதும் தமிழம்மா பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள்! (அவர்களிடம் விடுமுறை கேட்டு எவராலும் தப்ப முடியாது என்பது நாம் அறிந்ததே.) மேல்வகுப்பு அக்காமார் பக்கம் திரும்பி, “நாம் இன்று போகிற மாதிரி நம் ஊர் வழியாக வழிநடந்தவர்களைப் பற்றி ஒரு நூலே இருக்கிறது, தெரியுமா?” என்று கேட்டார்கள். அது சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் பாடியது. ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் போனால் பரிசு பெறலாம் என்று ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் நம் மரக்கானந்தான் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. வழி நெடுகச் சாப்பாட்டுக் குறிப்பும் உண்டு. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட உலர்மீன் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டில் இறைச்சியோடு புளி சேர்ந்த சூடான சோறு. ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும்.

“அப்போதே கருவாடுதானா நம் ஊரில்?” என்று ஓர் அக்கா கேட்டாள். மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

தமிழம்மா விடவில்லை. பரிசு பெறுவதற்கு முன் அந்தப் பாணன் வீடு இருந்த நிலையைச் சொன்னார்கள். அடுக்களையில் காளான் பூத்துக் கிடக்கிறது. பசியால் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வெறுமனே வேகவைக்கிறாள். அதை அயலார் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று நாணி, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள்.

வண்டியில் சிறிது நேரம் பேச்சில்லை. அப்போது பின்னாலிருந்து என் அம்மாவின் குரல், வழக்கமான சத்தத்தில்: “உப்புகூட இல்லாமயா டீச்சர்? எங்க அளத்தாண்ட வந்து கேட்டிருந்தா ஒரு கை அள்ளிப் போட்டிருப்பமே!”

தமிழம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார்கள். அம்மாவுக்கும் மகிழ்ச்சி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூவத்தூர், வாயலூர்ப் பாலாற்றுப் பாலம், கல்பாக்கம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

பூஞ்சேரியில் இறங்கியபோது மணி எட்டரை இருக்கும். போட்டி நடந்த விடுதி சாலையோரமாகவே இருந்தது. சாலையெல்லாம் கொடிகள், தம்பி பொம்மைகள், காவலர்கள். கறுப்பர், வெள்ளையர், மஞ்சள் நிறத்தார் என்று நாங்கள் புவியியல் பாடத்தில் படித்த மக்களெல்லாம் கழுத்தில் அட்டை தொங்க நடந்து போனார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்து “வணக்கம்” என்றாள். எந்த நாட்டுக்காரி என்று அட்டையைப் படிப்பதற்குள் போய்விட்டாள். பாலஸ்தீனத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து ஆடுகிறாள் என்று செய்தித்தாளில் படித்திருந்தோம். அவளைக் காண வேண்டுமென்று எல்லோருக்கும் ஆசை. காண வாய்க்கவில்லை.

“பை, கூடை எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும், கை வீசிக்கொண்டு வாருங்கள்” என்றார்கள் சிஸ்டர். அம்மா மட்டும் இறங்கி வந்து, “நான் வரல சிஸ்டர். எனக்கு இன்னா புரியப் போவுது? டிக்கெட்டு காசு மிச்சம். நான் கூடைங்களப் பார்த்துக்கினு குந்தியிருக்கேன்” என்றார். சிஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அரங்கத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டுமென்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அதிகம் நினைவில்லை. அத்தனை பெரிய கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் தேர்வுக்கூடம்போல் அமைதி. வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை நாட்டுப் பெயர்ப்பலகை. கயிற்றுக்கு இப்பால் நாங்கள். எங்கள் கண்ணெல்லாம் இந்தியப் பெண்கள் அணியின்மீது. 11 சுற்றுகளில் 10 முடிந்திருந்தன. 17 புள்ளிகளோடு நம் பெண்களே முதலிடத்தில் இருந்தார்கள். கொனேரு ஹம்பி, ஹரிகா, நம் சென்னை வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகிய ஐவரும் கொண்ட அணி. ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நிலையிலும் ஒலிம்பியாடை விடமாட்டேன் என்று வந்து ஆடினார். கடைசிச் சுற்றில் எதிரணி அமெரிக்கா. வென்றால் தங்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் முதுகுகளைத்தான். ஒருவர் நாற்காலியில் முன்னும் பின்னும் அசைந்தபடி இருந்தார், இன்னொருவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பலகைகள் தொலைவில் இருந்தன. யார் வெல்கிறார் என்று அங்கே நின்று தெரியவில்லை. வெளியில் திரையில் பார்த்தவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தோம். வெயில் என்றால் வெயில். ஆடி வெயில் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். பசி வயிற்றைக் கிள்ளியது. சில பிள்ளைகள் ஓட்டலுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுவதென்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். நானும் ‘வருகிறேன்’ என்று காலையில் சொல்லியிருந்தேன். கையில் இருந்ததோ 40 ரூபாய்.

வேன் ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்றது. அருகே போனபோது அம்மா தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரைவர் அண்ணன் கைகழுவிக்கொண்டிருந்தார். தூக்கைக் காணோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா என்னைக் கண்டதும் கூடையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அதில் புளிச்சோறும் ஓர் அவித்த முட்டையும். “இதுல அது படல. தனியா எடுத்து வெச்சேன்” என்றார் மெதுவாக. என் வாழ்நாளில் அம்மா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“மீதி?” என்றேன்.

அதற்குள் விடை நடந்து வந்தது. இரண்டு பெண் காவலர்கள். ஒருவர் கையில் எங்கள் தூக்கு, பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. விடியற்காலை நான்கு மணியிலிருந்து சாலையில் நின்றவர்களாம். அவர்களுக்கு மாற்று ஆள் வரத் தாமதமாகிவிட்டது. நிழல் தேடி வேனருகே வந்தபோது அம்மா பார்த்திருக்கிறார். வெயிலில் நிற்பவர்களின் முகத்தைப் படிக்க அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டு, உட்காரவைத்து, தூக்கு மூடியில் ஒருவருக்கும் கிண்ணத்தில் ஒருவருக்குமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். டிரைவர் அண்ணனுக்கும் கொடுத்துவிட்டார்.

அந்தக் காவலர், எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போதே, “அக்கா, எங்கம்மா போன அப்புறம் இப்படி ஒரு வாளைக் கருவாடு நான் சாப்பிடல. எங்க ஊரும் கடலோரந்தான்” என்று தூக்கை நீட்டினார். மூக்கைப் பிடித்த தோழி அங்கேதான் நின்றாள். தூக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் பேசுகிறவள் பேசாமல் இருந்தது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சற்று நேரம் கழித்து, “ஆன்ட்டி, எங்களுக்குக் கொஞ்சம் வெச்சிருக்கலாம்ல?” என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா, “உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சிட்டேன் கண்ணு” என்றார்.

நான் ஓட்டலுக்குப் போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். பாதி தின்றபிறகுதான் அம்மா சாப்பிட்டாரா என்று தோன்றியது. கேட்டேன். “இட்லி இருந்துச்சே, அப்பவே தின்னுட்டேன்” என்றார். இட்லியை நான்தான் முழுவதும் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போயிருந்தேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மீதிப் பாதியை நீட்டினேன். இரண்டு கவளம் எடுத்துக்கொண்டு, “போதும், நீ துன்னு” என்றார்.

தமிழம்மா தம் தயிர்சாதத்தைப் பங்கிட்டபடி, சேப்பாக்கத்தில் பொங்கல் நாளில் டெஸ்டு ஆட்டம் நடந்த காலத்துக் கதையைச் சொன்னார்கள். ஐந்து நாளும் குடும்பம் குடும்பமாக டிபன் கேரியரோடு போவார்களாம். புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கைமாறுமாம், முன்பின் தெரியாதவர்கள்கூட ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொள்வார்களாம். இலண்டனில் விம்பிள்டன் டென்னிசு பார்க்கப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பாலாடையில் தோய்த்துத் தின்பதும் அப்படியொரு வழக்கம் என்றார்கள். “ஆட்டம் மறந்துபோகும், தின்றது மறக்காது” என்று சிரித்தார்கள். எனக்கு அது அன்று வேறு விதமாகப் பட்டது.

அப்போதுதான் தமிழம்மாவின் தொலைபேசியில் செய்தி வந்தது. நம் பெண்கள் 1-3 என்று தோற்றுவிட்டார்கள். இருவர் சமன், இருவர் தோல்வி. உக்ரைனும் ஜார்ஜியாவும் 18 புள்ளிகளோடு மேலே போய்விட்டன. தங்கம் உக்ரைனுக்கு. சொந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்க, அந்தப் பெண்கள் இங்கே வந்து வென்றார்கள். நமக்கு வெண்கலம். நேரில் அமர்ந்து ஆடும் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி பெற்ற முதல் பதக்கம் அதுதான் என்று சிஸ்டர் எடுத்துச் சொல்லியும் எங்களில் பலர் அழுதுவிட்டோம். பொதுப்பிரிவிலும் குகேஷ், பிரக்ஞானந்தா முதலிய இளைஞர்கள் ஆடிய நம் இரண்டாம் அணி வெண்கலமே பெற்றது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கும் வெள்ளி ஆர்மீனியாவுக்கும் போயின.

அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார். பத்து நாளும் முதலில் இருந்து, கடைசி நாளில் போய்விட்டது என்று சொன்னேன். அவர் சற்று யோசித்து, “வாரி வெச்ச உப்புல மழ பெஞ்ச மாதிரி” என்றார். எங்கள் தெருவில் அந்தச் சொல்லைச் சாதாரணமாக யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பருவமே அப்படிப் போய், வீட்டில் கடன் ஏறியதை நான் கண்டிருக்கிறேன்.

பலகை எப்படியிருக்கும் என்று கேட்டதற்கு மண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். “நம்ம பாத்தி மாதிரியே கீதே” என்றவர், “எங்களுக்கு எல்லாக் கட்டமும் வெள்ளதான்” என்று கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். ஹரிகாவைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. “நெறமாசக்காரியா? அத்தினி நேரம் குந்தியே இருக்கணுமா? அந்தப் பொண்ணுக்கு யாரு சோறு பாக்குறாங்க?” என்று அடுக்கினார். தம்பி பிறப்பதற்கு முந்தின வாரம்வரை கூடை சுமந்தவர் அவர். தங்கம் போனதைவிட அந்தப் பெண் வேளைக்குச் சாப்பிட்டாளா என்பதே திரும்பும்வரை அம்மாவுக்குக் கவலையாயிருந்தது.

மாலையில் ஐந்து இரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் கண்டோம். அவற்றைப் பற்றி முந்தைய மலர்களில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அம்மா கடலில் கால் நனைத்தார். வெடிப்பில் உப்புநீர் பட்டு எரியாதா என்று ஒரு சிறுமி கேட்டதற்கு, “அது செத்த தோலு கண்ணு, எரியாது” என்றார். இரவு ஒன்பது மணிக்கு மரக்கானம் வந்து சேர்ந்தோம். மறுநாள் விடியலில் நான் எழுந்தபோது அடுப்பின்மேல் சோறு மூடியிருந்தது. அம்மா அளத்துக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப்பின் பல நடந்துவிட்டன. அதே மாதம் ஹரிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வைஷாலி 2023 டிசம்பரில் கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்றார். 2024 செப்டம்பரில் புடாபெஸ்டு ஒலிம்பியாடில் நம் ஆடவர், பெண்டிர் இரு அணிகளும் தங்கம் வென்றன. அந்தச் செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்தேன். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், “அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு இருந்துச்சே, அது ஆடுச்சா?” என்று கேட்டார். ஆடினார், முதல் பலகையிலேயே ஆடினார், தங்கம் வாங்கினார் என்றேன். “குழந்தைய யாருகிட்ட வுட்டுட்டு வந்துச்சோ” என்றார்.

வேனில் நான் சொன்ன பொய்யைப் பற்றி அம்மா இதுநாள்வரை ஒரு சொல் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. பல தடவை வாயெடுத்தேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தால் வேறு ஏதோ பேச்சாகப் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் எங்கே படிக்கப் போகிறேனோ, இனி அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் நாட்களும் அதிகமில்லை.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், கண்ணும் இப்போது சரியாகத் தெரிவதில்லை. ஆண்டு மலர் வீட்டுக்கு வந்தால் எங்கள் பக்கங்களைத் தம்பிதான் உரக்க வாசித்துக் காட்டுவான். இந்த ஆண்டும் அவன் வாசிப்பான். அந்த நேரம் நான் அடுப்படியில் இருப்பேன், வாளைக் கருவாடு வறுத்துக்கொண்டு.